பானை, ஓடு, செங்கல்: மூன்றும் ஒரே மண்தானா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டப் போகிறீர்கள். இறக்கிய ஓட்டை மறுபடியும் போடலாமா, சுவருக்குச் சூளைச் செங்கல் வாங்கலாமா, தரைக்குச் சுட்ட மண் ஓடோ ஆத்தங்குடிக் கல்லோ பதிக்கலாமா என்பவை மூன்று கேள்விகள். நாலாவதாக, "பானையும் ஓடும் செங்கல்லும் ஒரே களிமண்தானே, பிறகு ஏன் பானை கசிந்தால் நல்லது என்கிறார்கள், ஓடு கசிந்தால் கூடாது என்கிறார்கள்?" என்று போகிறபோக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது விளங்கிவிட்டால் மற்ற மூன்றுக்கும் பாதி பதில் உங்களுக்கே கிடைத்துவிடும்.

என் தாய்வழித் தாத்தா செங்கல் சூளை வைத்திருந்தவர். நான் கட்டட மேற்பார்வையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன். ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?" என்று ஒரு பழமொழி உண்டு. சேராத இரண்டு பேரைப் பற்றிச் சொல்வதற்குத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் சொல்லுக்குச் சொல் அது வேதியியல். களிமண்ணின் துகள்கள் மிக மெல்லிய தகடுகள். நடுவில் தண்ணீர் இருக்கும்வரை அந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் களிமண்ணை இழுத்தால் இழுபடுகிறது, அமுக்கினால் அமுங்கி அப்படியே நிற்கிறது. வெயிலில் காயவைத்தால் அந்தத் தண்ணீர் போய்விடும், மண் சுருங்கி இறுகும். ஆனாலும் அது இன்னும் பச்சை மண்தான். ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் குழம்பாகிவிடும்.

இதைத் தவிர வேறு ஒரு தண்ணீரும் உள்ளே இருக்கிறது. அது ஈரமாக இல்லாமல் துகளின் அமைப்போடு பிணைந்து கிடக்கிறது. தூய வெள்ளைக் களிமண்ணில் அதன் எடை கிட்டத்தட்ட 14 சதவீதம். எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் அது வெளியே வராது. ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் வரும். அது போன பிறகு அந்தப் பழைய தகடு கிடையாது. தண்ணீர் ஊற்றி எவ்வளவு பிசைந்தாலும் களிமண் திரும்பி வராது. சூளையில் நடக்கும் முதல் வேலை இதுதான். இரண்டாவது வேலை அதற்கும் மேலே, 900 டிகிரியை நெருங்கும்போது தொடங்குகிறது. மண்ணில் உள்ள இரும்பும் காரப் பொருள்களும் மணலோடு சேர்ந்து அங்கங்கே உருகிக் கண்ணாடிபோல ஆகி, துகள்களை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. சூடு ஏற ஏற அந்தக் கண்ணாடி கூடுகிறது, துகள்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகள் அடைபடுகின்றன.

ஆக, சுட்ட மண்ணில் பார்க்க வேண்டியது அந்தத் துளைகளைத்தான். எந்த மண், எவ்வளவு மணல் கலந்தது, எவ்வளவு சூட்டில் எத்தனை நேரம் வெந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கடைசியில் ஒரே ஒரு விடைதான் வருகிறது: அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும். எங்கள் மேஸ்திரிகள் "கல் தண்ணி குடிக்குது" என்று சொல்வார்கள். அதைவிட நல்ல கலைச்சொல்லை நான் எந்தப் பாடத்திலும் கண்டதில்லை. தண்ணீர்ப் பானை நிறையக் குடிக்க வேண்டும். செங்கல் அளவாகக் குடிக்க வேண்டும். கூரை ஓடு கொஞ்சமாகக் குடிக்கலாம். கடையில் விட்ரிஃபைட் டைல்ஸ் என்று விற்கிறார்களே, அதுவும் களிமண் சேர்ந்த கலவையைச் சுட்டதுதான், ஏறத்தாழ 1,200 டிகிரியில். அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது விதி. அடுக்களைப் பீங்கான் கோப்பை சுத்தமாகக் குடிப்பதே இல்லை.

பானையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றிய புதுப்பானையை மணல்மேல் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அரைமணி நேரத்தில் வெளிப்புறம் வேர்த்து நிறம் மாறும். அந்த வேர்வை காற்றில் ஆவியாகும்போது பானையிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 100 மில்லி தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 42 கிலோஜூல் போதும். வகுத்துப் பாருங்கள், அரை டம்ளர் தண்ணீர் ஆவியானால் பானைத் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குளிர வேண்டும். சுற்றியுள்ள காற்றும் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் கணக்கு முழுதாகப் பலிக்காது. ஆனாலும் மதுரையில் சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானை சென்னையில் கடற்கரைத் தெருவில் சுமாராகத்தான் குளிரும். பானைமேல் குறையில்லை. ஈரக்காற்று வேர்வையை வாங்கிக்கொள்ள மறுக்கிறது, அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஓரிரு கோடைக்குள் பானை குளிர்விப்பதை நிறுத்திவிடும். துளைகளின் வாயில் உப்பு படிந்து அடைத்துக்கொள்கிறது. வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகாக இருக்கட்டும் என்று பானைக்கு வெளியே பெயின்ட் அடிப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? வேர்க்க விடாமல் போர்வை போர்த்துகிறார்கள்.

சமையல் சட்டியின் கதை வேறு. அங்கே குடிப்பது கூடாது, ஆனால் துளைகள் வேண்டும். அடுப்புச் சூட்டில் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நிற்கும்போது விரிசல் ஓடப் பார்க்கும். துளைகளும் மணல் துகள்களும் குறுக்கே இருந்தால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் அதிகச் சூட்டில் சுட்ட பீங்கானை நெருப்பில் வைத்தால் வெடிக்கிறது, குறைந்த சூட்டில் சுட்ட சட்டி ஆண்டுக்கணக்கில் அடுப்பில் இருக்கிறது. கசிவை நிறுத்தும் வேலையை நம் வீட்டுப் பெண்கள் அரிசிக் கஞ்சியிடம் கொடுத்துவிட்டார்கள். புதுச்சட்டியில் கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பழக்குவது என்பது மாவுச்சத்தை அந்தத் துளைகளுக்குள் அனுப்பி அடைப்பதுதான்.

வனைவதைப் பற்றி ஒரு சொல். சக்கரத்திலிருந்து பானை முழுதாக எழுந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரிய பானைகளுக்குச் சக்கரத்தில் வருவது வாயும் கழுத்தும் தடித்த சுவரும்தான். அரைகுறையாகக் காய்ந்த பிறகு உள்ளே ஒரு கல்லை ஏந்தி, வெளியே கட்டையால் தட்டித் தட்டி அந்தச் சுவரை மெலிதாக்கி, உருண்டை அடிப்பாகத்தை மூடிக் கொண்டுவருகிறார்கள். நல்ல கைக்காரர் தட்டினால் பானைச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்கும். கனம் மாறினால் சூளையில் அது சொல்லிவிடும். சூளையில் முதல் சில மணி நேரம் நெருப்பைக் காட்டாமல் புகையும் சூடுமாக வைத்திருப்பதும் இதனால்தான். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் நீராவி பானையை உடைத்துக்கொண்டு வரும்.

சிவப்பு, கறுப்பு என்ற நிறமும் சூளை தருவதே. மண்ணிலுள்ள இரும்புக்கு நல்ல காற்று கிடைத்தால் சிவக்கும், காற்றை அடைத்துப் புகையில் வைத்தால் கறுக்கும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகள் இரண்டையும் ஒரே பானையில் காட்டுகின்றன. பானையைக் கவிழ்த்துச் சுட்டிருக்கிறார்கள். உள்ளும் வாய்ப்பகுதியும் காற்று கிடைக்காமல் கறுத்தன, வெளியே சிவந்தது. கீழடியில் கூரை ஓடும் செங்கல் கட்டுமானமும், சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இறக்கிய உறைகிணறும்கூடக் கிடைத்தன. இன்றைக்கு நாம் சிமென்ட் உறை இறக்குகிறோமே, அதே முறை. பழங்காலத்தில் இங்கே செங்கல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் குடைவரைக் கோயிலை எடுத்துவிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டியதாகப் பொறித்து வைத்தான். "இல்லாமல் கட்டினேன்" என்று ஒருவன் பெருமையடித்துக்கொள்கிறான் என்றால் மற்றவர்கள் எல்லாரும் அவற்றை வைத்தே கட்டினார்கள் என்றுதானே பொருள்?

இனி உங்கள் ஓட்டுக்கு வருவோம்.

முதலில் உங்கள் கூரையில் இருப்பது நாட்டு ஓடா, சீமை ஓடா என்று பாருங்கள். இரண்டும் இருக்கவும் கூடும். பின்கட்டில் ஒன்று, முன்கட்டில் ஒன்று என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அரைவட்ட நாட்டு ஓடு குயவர் சக்கரத்திலிருந்து பிறந்தது. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய குழாயாக வனைந்து, ஈரம் இருக்கும்போதே நெடுக்காக இரண்டாகக் கீறி, காயவைத்துச் சுடுவார்கள். ஒரு வரிசையை மல்லாக்க வைத்து, அடுத்த வரிசையை அதன்மேல் கவிழ்த்து வேய வேண்டும். அழகு அதில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள எந்தப் பூட்டும் இல்லை. எடைதான் அதை இருத்தி வைக்கிறது. ஒரு பூனை ஓடினால் போதும், நகர்ந்துவிடும். குரங்கு வந்தால் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ஆள் விட்டுப் பிரித்து வேய வேண்டியிருந்தது இதனால்தான். அது வெறும் பராமரிப்புச் செலவாக இருக்கவில்லை, ஓடு மாற்றுவதென்று ஒரு கூட்டத்துக்கே தொழில் இருந்தது.

சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டின் வடிவம் உண்மையிலேயே சீமையிலிருந்து வந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841-ல் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1860-களில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறித்துவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் அதை நிறுவியவர். அங்கே ஆற்றங்கரைக் களிமண் நன்றாக இருந்தது, சுடுவதற்கு விறகு இருந்தது, ஏற்றி அனுப்பத் துறைமுகம் இருந்தது. பிறகு கோழிக்கோடு, பாலக்காடு என்று பரவியது. உங்கள் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் தொழிற்சாலையின் பெயர் புடைப்பாக இருக்கும். சில வீடுகளில் அந்த மிஷனின் பெயரையே நான் படித்திருக்கிறேன்.

நாட்டு ஓட்டை இது ஓரங்கட்டியதற்கு அழகு காரணமில்லை. மேல் விளிம்பிலும் பக்க விளிம்பிலும் உள்ள காடி, அதாவது நீளப் பள்ளம், அடுத்த ஓட்டின் மேட்டில் போய் உட்காருகிறது. அதனால் ஒரே அடுக்கு போதும். எடை குறைவு, மரச்சட்டம் குறைவு, ஆண்டுதோறும் பிரித்து வேயும் செலவும் இல்லை. நூறு சதுர அடிக்கு, அளவைப் பொறுத்து, ஏறத்தாழ 150 ஓடு பிடிக்கும். இயந்திரத்தில் அழுத்தி எடுப்பதால் மண் நெருக்கமாக இருக்கிறது, சூடும் நாட்டுச் சூளையைவிட அதிகமாகவும் சீராகவும் கிடைக்கிறது. ஆகவே குறைவாகக் குடிக்கிறது. மழையில் ஓடு நனைந்து கனத்தால் அதைத் தாங்கும் ரீப்பர் கட்டை தொய்யும், பாசி பிடிக்கும். அந்த இரண்டையும் தாங்குகிற அளவுக்குத் தாகம் குறைந்த ஓடுதான் நல்ல ஓடு.

இறக்கிய ஓட்டை மறுபடியும் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். எழுபது எண்பது மழைக்காலம் பார்த்த ஓடு உங்களிடம் இருக்கிறது. அதைவிட வேறு என்ன பரிசோதனை வேண்டும்? ஆனால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இடது கையில் ஓட்டின் ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு, வலது கை விரல் கணுவால் நடுவில் தட்டுங்கள். நல்ல ஓடு கணீர் என்னும். மயிரிழைக் கீறல் இருந்தாலும் லொட்டு என்று செத்த சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும். லொட்டு ஓட்டைத் தனியாகப் போடுங்கள். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

குறைகிற ஓட்டுக்கு வேறு வீட்டில் பிரித்ததை வாங்குவீர்கள். அப்போது உங்கள் ஓடு ஒன்றைக் கையில் கொண்டுபோய் அவர்கள் ஓட்டோடு கோத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு தொழிற்சாலை ஓடுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், காடியில் கால் அங்குலம் மாறும். ரீப்பர் இடைவெளியையும் தச்சர் மனக்கணக்கில் அடிக்க விடாதீர்கள். உங்கள் ஓட்டில் நாலைந்தைத் தரையில் கோத்து வைத்து அளந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். சரிவைக் குறைக்கவே குறைக்காதீர்கள். இரண்டடி கிடைக்கு ஓரடி ஏற்றமாவது வேண்டும். கூரையைத் தாழ்த்தினால் மரச்செலவு மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். ஐப்பசி அடைமழையில் காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கும்போது தண்ணீர் காடி ஏறி உள்ளே வரும். அன்றைக்கு அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

அடுத்தது செங்கல். நான் பட்ட பாடுகளெல்லாம் இங்கேதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சுற்றுச்சுவர் கட்டினோம். கோடைகாலம், தண்ணீர்த் தட்டுப்பாடு. லாரியில் இறங்கிய கல்லை நனைக்காமல் அப்படியே கட்டச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பையன் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தான். மேல்வரிசைக் கல் கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த கலவை திருநீறுபோல உதிர்ந்தது. சிமென்ட் நல்ல சிமென்ட்தான். அது இறுகத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரைக் காய்ந்த கல் உறிஞ்சிக் குடித்துவிட்டது. கல்லை முன்கூட்டியே நனைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு வைப்பது இதற்காகத்தான். வயிறு நிறைந்த கல் கலவையின் தண்ணீரில் கை வைக்காது. அதே சமயம் கல் கொஞ்சம்கூடக் குடிக்காவிட்டாலும் சரிவராது. கலவையின் சிமென்ட் பால் அந்தத் துளைகளில் ஊறி இறுகினால்தான் பிடிப்பு. அதிகமாக வெந்து கறுத்து, கண்ணாடிபோல் மின்னும் கல்லில் பூச்சு வழுக்குவதைக் கொத்தனார்கள் எல்லோரும் அறிவார்கள். அப்படிப்பட்ட கல்லை அஸ்திவாரத்துக்கு ஜல்லியாக உடைத்துப் போட்டுவிடலாம்.

எவ்வளவு குடித்தால் சரி? இந்தியத் தர நிர்ணயத்தின்படி, சாதாரணக் கட்டடச் செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்தால் அதன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். சூளையில் எடுத்த குவியலின் மேலிருந்து இரண்டு, நடுவிலிருந்து இரண்டு, அடியிலிருந்து இரண்டு கல் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் எடுத்துக் கொடுக்கும் கல் வேண்டாம், நீங்களே எடுங்கள். நன்றாகக் காயவைத்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, கரியால் எண் போட்டு, ஒரு பகல் ஓர் இரவு தொட்டியில் போடுங்கள். மூன்று கிலோ கல் மறுநாள் மூன்றரைக் கிலோ இருந்தால் ஏறியது 17 சதவீதம், வாங்கலாம். மூன்றே முக்கால் வந்தால் 25 சதவீதம், வேகாத கல். தொட்டியில் போட்டதும் முதலில் வெளிவரும் குமிழிகளைக் கவனியுங்கள். துளைகளில் இருந்த காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிறது. வேகாத கல் சோடா பாட்டில்போல நுரைத்துக்கொண்டு வரும், நன்கு வெந்த கல் சரம் சரமாக மெல்ல விடும். மறுநாள் தொட்டியின் அடியில் செம்மண் சேறு படிந்திருந்தால் அந்தச் சூளையின் பக்கமே போக வேண்டாம்.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பு என்பது இரும்பு. வேக்காட்டுக்கு அது முழுச் சாட்சி ஆகாது. சுண்ணாம்புச் சத்து கூடிய மண் நன்றாக வெந்தாலும் வெளிறித்தான் இருக்கும்.

சுண்ணாம்பு என்றதும் நினைவு வருகிறது. மண்ணில் சுண்ணாம்புக் கல் பொடியாகக் கலந்திருந்தால் பெரிய கெடுதலில்லை, பயறு அளவுக் கட்டியாக இருந்தால்தான் தொல்லை. சூளைச் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு கல் நனையும்போது நீர்த்துப்போய் ஊதும். ஒரு வீட்டில் பூச்சுவேலை முடிந்து வெள்ளையும் அடித்த பிறகு, முதல் மழையில் சுவரெல்லாம் அம்மைத் தழும்புபோல் பொரிந்துவிட்டது. ஒவ்வொரு குழியின் அடியிலும் கடுகளவு வெள்ளைப்புள்ளி. வீட்டுக்காரர் பெயின்ட் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், பாவம். கல்லை ஓரிரவு ஊறவைத்து ஒரு வாரம் திறந்த இடத்தில் வைத்திருந்தால் அது முன்பே காட்டிக்கொடுத்திருக்கும்.

சூளையிலிருந்து இறக்கிய சூட்டோடு கல்லைக் கட்டாதீர்கள் என்றும் சொல்லி வைக்கிறேன். சுடும்போது விட்ட தண்ணீரில் மிகச் சிறிய பங்கைச் சுட்ட மண் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது, அதனால் கொஞ்சம் விரிகிறது. அந்த விரிவில் பெரும்பங்கு முதல் நாட்களிலேயே நடந்துவிடுகிறது. குவியலில் கிடக்கும்போது அது விரிந்து முடிக்கட்டும், உங்கள் சுவரில் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் போதும்.

நாட்டுச் செங்கல்லா, அறை அறையாகக் கட்டிய சூளையில் சுடும் சேம்பர் செங்கல்லா என்றால், அளவு பிசகாமல் விளிம்பு நேராக இருப்பதால் நான் சேம்பர் பக்கம்தான் சாய்வேன், சுவரைப் பூசாமல் விடப் போகிறீர்கள் என்றால் கண்டிப்பாக. லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கேரளத்தில் நிறையக் கட்டிக் காட்டிய எலிப்பொறிக் கட்டுமானத்தை உங்கள் மேஸ்திரி அறிந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் காற்றறை விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் மெதுவாகத்தான் உள்ளே வரும். கல்லின் அளவு சீராக இல்லையென்றால் இதைத் தொடவே கூடாது.

லொட்டு ஓட்டுக்கு வேலை இருக்கிறது என்றேனே, அதுவும் பேக்கர் வழிதான். மாடிப்படி அறைக்கோ பின்கட்டுக்கோ கான்கிரீட் தளம் போடப் போகிறீர்கள் என்றால், தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு ஓடாகக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் ஊற்றலாம். கீழ்ப்பாதியில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது, அங்கே கான்கிரீட் இடத்தை நிரப்புவதோடு சரி. அந்த இடத்தை ஓட்டுக்குக் கொடுத்துவிட்டால் எடையும் சிமென்டும் குறையும். கம்பி இடைவெளியை மட்டும் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடித் தளத்தின்மேல் சுட்ட மண்ணுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அந்த வேலையில் அதை வெல்ல இதுவரை எதுவும் வரவில்லை என்பது என் கட்சி. செங்கல் ஜல்லியை நீர்த்த சுண்ணாம்போடு கலந்து போட்டு, கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, அதற்கு மேலே தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பார்கள். பொதுப்பணித்துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு என்பது மனப்பாடம். செங்கல் ஜல்லியின் துளைகளில் உள்ள காற்று வெயிலைத் தடுக்கிறது. அதோடு, அளவாக வெந்த செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீரிலும் கரையாத பிடிப்பைத் தருகிறது. இந்தத் தூளைத்தான் சுர்க்கி என்பார்கள். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பையும் சுர்க்கியையும் நம்பி எழுந்தது. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு விட்டங்களுக்கு மேலே மெல்லிய சிறு செங்கல்லைக் குத்தாக, கோணலாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டி, அதன்மேல் இதே ஜல்லியைப் போட்டார்கள். கம்பியும் சிமென்டும் இல்லாமல் நூறு ஆண்டு தாண்டிய அந்தத் தளங்கள் காரைக்குடியிலும் தஞ்சாவூரிலும் இன்னும் நிற்கின்றன. இப்போது யாருக்கும் ஜல்லியைத் தட்டப் பொறுமையில்லை. வெள்ளை பெயின்டை அடித்துவிட்டு ஏசி வாங்கிக்கொள்கிறார்கள்.

தரைக்கு வருகிறேன். சுட்ட மண் சதுர ஓடு காலுக்கு இதம், கோடையில் குளிர்ச்சி. தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதுவும் குடிக்கும். தண்ணீர் மட்டுமில்லை, எண்ணெய், மஞ்சள், புளிக்குழம்பு எல்லாவற்றையும் குடிக்கும். அடுக்களையில் பதித்துவிட்டுப் பிறகு கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதோடு ஓட்டின் மேல்தோலும் போய்விடும். அடுக்களைக்கும் குளியலறைக்கும் விட்ரிஃபைட் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே தாகமில்லாத மண்தான் வேண்டும். மண் ஓடு பதிக்கும் இடங்களில் பதித்து நன்றாகக் காய்ந்த பிறகு ஆளி விதை எண்ணெயை இரண்டு மூன்று கை மெல்லிதாகத் தேய்த்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லையும் நீங்கள் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அது சுட்ட மண்ணே இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நல்ல பொருள்தான், இனம் வேறு.

ஒரு சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். சூளைக்காரர் பேரன் சொல்கிறேன் என்பதால் நம்பலாம். செங்கல்லுக்குப் போகும் மண் வயலின் மேல்மண்ணாகவோ ஓடையோர மண்ணாகவோ இருந்தால், அது உருவாக எடுத்த காலத்தை எந்த விலையிலும் அடக்க முடியாது. கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை வரைமுறையில்லாமல் தோண்டியதால் 2021-ல் அங்கிருந்த சூளைகளை மூட வேண்டியதாயிற்று. வாங்கும்போது மண் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஏரி, குளத்து வண்டல் என்றால் இரண்டு பக்கமும் லாபம், நீர்நிலையும் ஆழமாகும். பழைய வீட்டுச் சுவரில் உள்ள செங்கல்லை முடிந்தவரை உடையாமல் எடுங்கள். சுண்ணாம்புக் கலவையில் கட்டியது என்றால் கொத்து கரண்டியால் தட்டினாலே கலவை விட்டுவிடும், கல் முழுசாக வரும். சிமென்டில் கட்டியதை அப்படி எடுக்க முடியாது.

கடைசியாக, ஓடு இறக்க ஆள் வருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். முகட்டில் இருக்கும் மோட்டு ஓடுகளைக் கீழிருந்தே எண்ணி எழுதிவையுங்கள். கண்ணாடி ஓடு இருந்தால் அதையும். மற்ற ஓடு ஊரெங்கும் கிடைக்கும், அளவு பொருந்துகிற மோட்டு ஓட்டுக்கு நாலு ஊர் அலைய வேண்டியிருக்கும். இறக்கிய ஓட்டைப் படுக்கையாக அடுக்கவிடாதீர்கள், அடியில் உள்ளது நொறுங்கிவிடும். மணல் பரப்பி அதன்மேல் செங்குத்தாக, ஒன்றையொன்று சாய்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.